சுங்குடி: செல்லூர்த் தறிக்கூடத்துப் பூனையும் அதன் குட்டிகளும்

முப்பத்தோரு வருஷம் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உசிலம்பட்டிப் பக்கமும் திருமங்கலம் பக்கமும் மாட்டுக்குச் சினை ஊசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, கோமாரித் தடுப்பூசி என்றே காலம் ஓடிவிட்டது. பூனையைத் தொட்டு வைத்தியம் பார்த்ததில்லை. நான் டாக்டரும் இல்லை. ஆனாலும் மதுரை செல்லூரில் எங்கள் சந்தில் எனக்கு 'மாட்டாஸ்பத்திரி' என்றுதான் பெயர். கோழி தும்மினாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பழைய வரவு செலவு நோட்டில் தேதி போட்டு நான் குறித்து வைத்ததுதான் இது. மாட்டு வேலையில் பழகிய கை, எதையும் எழுதி வைத்துவிடும். நோட்டின் முதல் பக்கத்தில் 'பூனைக்குட்டி நான்கு' என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். அதுவே தப்பு. தாயின் பெயரை நான் எழுதியது ஏழாம் பக்கத்தில்.

முன்கதை

சுங்குடி என்பது சந்துப் பிள்ளைகள் வைத்த பெயர். வெள்ளை உடம்பில் கறுப்பும் செவலையுமாகத் திட்டுத் திட்டாகப் புள்ளி, சின்னாளப்பட்டிச் சேலையை உதறிப் போட்ட மாதிரி. இப்படி மூன்று நிறம் சேர்ந்து வந்தால் அநேகமாக அது பெட்டைதான். செவலை நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கறுப்பும் செவலையும் ஒரே உடம்பில் வர வேண்டுமானால் இரண்டு எக்ஸ் வேண்டும். மூவண்ணக் கடுவன் அபூர்வத்திலும் அபூர்வம்.

சந்தின் கடைசியில் நாலு விசைத்தறி போட்டுத் துண்டு நெய்த ஒரு குடும்பம், பாவு நூலை (தறியில் நெடுக்காக ஓடுகிற நூல்) எலி கடிக்கிறது என்று இதைக் குட்டியாகக் கொண்டுவந்து வளர்த்தது. தறி நின்றது. பொங்கல் முடிந்து அவர்கள் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார்கள். பீரோ போனது, கிரைண்டர் போனது, பூனை போகவில்லை. அதன்பிறகு மேலவீட்டு அப்பத்தா தயிர்சாதம் வைப்பார், மாவுக்கடை மதினி மீன் முள் போடுவார். இன்னொருத்தர் வைத்திருப்பார் என்று நினைத்து ரெண்டு பேருமே விட்டுவிட்ட நாளும் உண்டு.

குட்டி பிறந்தது ஏப்ரல் 11 அல்லது 12. பூனையின் சினைக்காலம் ஒன்பது வாரம், ஒரு நாள் ரெண்டு நாள் கூடலாம். பின்னோக்கி எண்ணினால் பிப்ரவரி முதல் வாரம் வருகிறது. அதாவது வீட்டுக்காரர்கள் வண்டி ஏறி மூணு வாரம் கழித்துத்தான் சினைப்பட்டிருக்கிறது. "வயித்துப் பிள்ளக்காரிய விட்டுட்டுப் போயிட்டாய்ங்க" என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை என்பதால் இதையும் குறித்தேன். பட்டினி போட்டுவிட்டுப் போனதே போதுமான குற்றம், இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 13, சனிக்கிழமை

எதிர் வீட்டுப் பையன், எட்டாவது படிக்கிறவன், ஓடிவந்தான். "தாத்தா, தறிக்குள்ள என்னமோ கீச்சுக் கீச்சுங்குது." பூட்டிய கதவுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி உண்டு, பூனைக்கு அதுதான் வாசல். பின்பக்க ஜன்னலில் ஒரு கம்பி ஏற்கெனவே பெயர்ந்திருந்ததால் பையன் உள்ளே போய்விட்டான். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

தறிக்கு அடியில் கழிவு நூல் குவியல். அதற்குள் நாலு. கண் திறக்கவில்லை, காது தலையோடு ஒட்டிக் கிடக்கிறது, தொப்புள் கொடி காய்ந்த நூல் மாதிரி இன்னும் தொங்குகிறது. அந்தக் கொடி மூணு நாலு நாளில் விழுந்துவிடும் என்பதால் வயது ஒன்றிரண்டு நாள்தான் என்று முடிவு செய்தேன். ரெண்டு செவலை, ஒரு கறுப்பு வெள்ளை, ஒன்று தாயைப் போலவே மூவண்ணம். தாய் அப்போது அங்கே இல்லை. மாவுக்கடைத் திண்ணைக்குக் கீழே நீட்டிப் படுத்திருந்தது. முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். வாலுக்குக் கீழே மயிரெல்லாம் ஒட்டி, கழிச்சல்.

கழிச்சலுக்குக் காரணம் அங்கேயே இருந்தது. பிள்ளைகள் கொட்டாங்குச்சியில் பாக்கெட் பால் ஊற்றி வைத்திருந்தார்கள். பூனை என்றால் பால் என்று நம் எல்லோர் மனசிலும் பதிந்து கிடக்கிறது. பால் குடி மறந்த பூனைக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். ஆசையாகக் குடிக்கும், பின்னாடியே பீய்ச்சும். வெயில் காலத்தில், அதுவும் குட்டிக்குப் பால் கொடுக்கிற உடம்பிலிருந்து தண்ணீர் அப்படிப் போனால் மடியும் வற்றும். கொட்டாங்குச்சியைக் கழுவித் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொன்னேன். அன்றைக்கு நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

என் தப்பு

மறுநாள் சித்திரை ஒண்ணு. தறிக்கூடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நாற்பது டிகிரி வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு அதற்குள் தலையை நீட்டினால் அடுப்படி மாதிரி இருந்தது. தாய் வெளியே போயிருந்த நேரம் பார்த்து நானும் பையனுமாக நாலு குட்டியையும் ஒரு அட்டைப் பெட்டியில் பழைய வேட்டி விரித்து என் வீட்டுத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். சந்தே கூடி நின்று பார்த்தது. நல்ல காரியம் என்று எனக்கும் ஒரு நிமிர்வு.

தாய் வந்தது, பெட்டியைச் சுற்றியது, கத்தியது. ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போனதை வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்த அப்பத்தா பார்த்திருக்கிறார். போனது பழைய இடத்துக்கு இல்லை. அந்த இடம் எங்களுக்குத் தெரிந்துவிட்டதே! அதே கூடத்தில் உயரே, நூல் மூட்டை போடுகிற பரணுக்கு ஏற்றிவிட்டது. ஓட்டுக்கு முக்கால் முழம் கீழே.

ஏப்ரல் 15 மத்தியானம் பையன் எட்டிப் பார்த்தபோது கறுப்பு வெள்ளைக் குட்டி பரணின் விளிம்பில், மற்றதை விட்டு விலகி, வாய் திறந்து கிடந்தது. சூடுதான். பிறந்த குட்டிக்கு முதல் ரெண்டு மூணு வாரம் தன் உடம்புச் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளத் தெரியாது. குளிரிலும் சாகும், வெயிலிலும் சாகும். நகர்ந்து நிழலுக்குப் போகவும் கால் இல்லை.

'மனுஷன் கை பட்டா தாய் சேர்த்துக்காது' என்பது பெரும்பாலும் உண்மையில்லை. சுங்குடி நாலையும்தான் சேர்த்துக்கொண்டது. கை வாசனையைவிட அதற்குப் பெரிய விஷயம், இடம் அம்பலமாகிவிட்டது என்கிற பயம். 'பூனை ஏழு வீடு மாத்தும்' என்று நம் பாட்டிமார் சொன்னது ஏழு என்ற கணக்கில் சரியோ இல்லையோ, மாத்தும் என்பதில் சரி. நான் செய்திருக்க வேண்டியது குட்டியை இடம் மாற்றுவதல்ல, இடத்தைக் குளிரவைப்பது. மாட்டுக் கொட்டகையில் இதை எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்: கன்றை ஏன்யா தூக்குறே, கூரையில கீத்தைப் போடு.

குட்டியை வேப்ப மரத்தடியில் புதைத்தோம். அன்றைக்குத்தான் நோட்டில் ஏழாம் பக்கம், 'தாய் – சுங்குடி' என்று எழுதினேன்.

சாவி

கூரை மேல் ஏற வேண்டுமென்றால் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். திருப்பூருக்குப் போன் போட்டேன்.

"என்னங்கண்ணே, பூனைக்குப் போயி போன் பண்ணிக்கிட்டு. அது எங்கிட்டாவது பொழச்சுக்கிரும்ணே."

1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு எனக்குத் தெரியும். வளர்த்த பிராணிக்குத் தீனி, தண்ணி, இடம் கொடுக்காமல் விடுவதும், பசி தாகத்தில் தவிக்கும்படி கைவிட்டுப் போவதும் அதன்படி வதைதான். நாக்கு நுனி வரை வந்தது. சட்டம் பேசினால் சாவி வராது என்பதும் தெரிந்ததால் விழுங்கிக்கொண்டேன். "கூரை விரிசல் விட்டிருக்கு தம்பி, மேல கீத்துப் போட்டு வைக்கிறேன், ஓட்டுக்கும் நல்லது" என்றேன். கோரிப்பாளையத்தில் இருக்கும் மச்சான் வீட்டில் சாவி இருப்பதாகச் சொன்னார். அரை மணி நேரத்தில் வாங்கிவந்தேன்.

ஓட்டின் மேல் ரெண்டு அடுக்காகத் தென்னங்கீற்று, காலையும் மத்தியானமும் ஒரு குடம் தண்ணீர். உள்ளே தரையோரமாக ஒரு நனைந்த சாக்கு. அவ்வளவுதான் ஏற்பாடு. பரணுக்குக் கீழே பழைய இடத்தில் நூல் குவியலை எடுத்துவிட்டுப் பருத்தித் துணி விரித்து வைத்தேன், குட்டியைத் தொடவில்லை. 17ஆம் தேதி தானே கீழே இறக்கிக்கொண்டது. (குவியல் முழுவதையும் எடுத்ததாக நினைத்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.)

தாய்க்குத் தீனி

மாட்டில் ஒரு கணக்கு உண்டு. உடம்பைத் தேற்றுவதற்கான தீனி போக, பசு கறக்கிற ரெண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ அடர்தீவனம், எருமைக்கு ரெண்டு லிட்டருக்கு ஒரு கிலோ. ஆயிரம் பேரிடம் ஒப்பித்த பாடம். பூனை என்றதும் மறந்துபோய், குட்டிக்கு என்ன கொடுக்கலாம், ஃபில்லரில் பால் புகட்டலாமா என்றே எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தோம். குட்டிக்கு ஏற்ற பாலைத் தாய்தான் தர முடியும். பூனைப் பாலில் புரதம் பசும்பாலைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல். பசும்பாலை ஊற்றி அதை ஈடுகட்ட முடியாது. பால் கொடுக்கும் பூனைக்குச் சாதாரண நாளைப் போல ரெண்டு மூணு பங்கு தீனி வேண்டும், அதையும் ஒரே வேளையில் தின்னாது.

மதினி மாவு ஆட்டும் நேரத்துக்கு இடையில் நெல்பேட்டைக்குப் போய் மத்தி மீன் வாங்கிவருவார். உப்பு போடாமல் குக்கரில் ஆறேழு விசில். முள் கையால் நசுக்கினால் மாவாகிற வரை. அதோடு ஒரு கைப்பிடி சோறு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவித்த முட்டை, வாரத்துக்கு ரெண்டு தரம் கோழி ஈரல் ஒரு சின்னத் துண்டு. ஈரல் மலிவு என்று தினமும் போடக் கூடாது, வைட்டமின் ஏ கூடிப்போகும். ஒரு நாளைக்கு நாலு வேளை. மிஞ்சிய மீன் குழம்பைப் பிசைந்து வைக்கும் பழக்கத்தை நிறுத்தவைக்கத்தான் ரொம்பச் சிரமப்பட்டேன். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். "அம்புட்டுப் பூனையும் இதத் தின்னுதானப்பா வளந்துச்சு" என்றார் அப்பத்தா. வளர்ந்ததைத்தான் நாம் பார்த்தோம் என்று மட்டும் சொன்னேன்.

தயிர்சாதத்தில் இன்னொரு குறை. டாரின் என்றொரு சத்து மீனிலும் இறைச்சியிலும்தான் தேவையான அளவு கிடைக்கும். பூனையின் உடம்பு அதைப் போதிய அளவு தயாரித்துக்கொள்ளாது. நாள்பட்ட குறையில் கண்ணும் இதயமும் கெடும். நாய் தயிர்சாதத்தில் காலம் தள்ளலாம், பூனையால் முடியாது.

முதல் எடை போட முடிந்தது ஏப்ரல் 20 அன்று. மீன் வைத்த கூடைக்குள் தானாக ஏறியது, கூடையோடு தூக்கிக் கடைத் தராசில் வைத்தோம். கூடை கழித்து 2 கிலோ 100 கிராம். கழிச்சல் நின்று நாலு நாள் ஆகியிருந்தது.

எதிர்சேவை ராத்திரி

ஏப்ரல் 22, மதுரைக்கு வரும் கள்ளழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை; 23 அதிகாலை அழகர் ஆற்றில் இறங்குகிறார். வைகைக்கு வடகரையில் இருப்பவர்களுக்கு அந்த ரெண்டு நாளும் வீடு என்பது கிடையாது. சந்து முழுக்க ஒலிபெருக்கி, வெளியூர்ச் சனம், தோப்பரை என்கிற தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், தறிக்கூடத்துச் சுவரை ஒட்டி மொட்டை அடித்தவர்கள் கட்டுச்சோற்றைப் பிரித்து உட்கார்ந்திருந்தார்கள். மேளச் சத்தத்தில் பூனை மிரண்டு குட்டியை எங்காவது சாக்கடைப் பக்கம் கொண்டுபோய்விடுமோ என்று நான் ஆற்றுக்கே போகவில்லை. அறுபது வயசில் முதல் தரம். வீட்டம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

விடிகாலை நாலு மணிக்கு எங்கள் மாடிப்படிக்குக் கீழே, காஸ் சிலிண்டர் வைக்கிற சந்தில், மூன்று குட்டியும் இருந்தன. நம்மைத் தேடி வந்தது என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. மூணு பக்கம் சுவர், இருட்டு, நாலு எட்டில் சாப்பாடு, அவ்வளவுதான் அதன் கணக்கு. சிலிண்டரை வேறு இடத்துக்கு மாற்றினோம். அந்த இடத்தில் விளக்குப் போட வேண்டாம் என்றேன்.

அதன்பிறகு தினமும் காலையில் எடை. வீட்டம்மா கேக் செய்ய வாங்கி ஒரே ஒரு தரம் பயன்படுத்திய சின்னத் தராசு. ஆரோக்கியமான குட்டி நாளுக்குப் பத்து கிராமுக்குக் குறையாமல் கூடும். செவலைகள் ரெண்டும் அப்படியே ஏறின. மூவண்ணக் குட்டி 160 கிராமில் தொடங்கி நாலு, மூணு, நாலு என்று ஊர்ந்தது. உதட்டைப் புரட்டிப் பார்த்தால் ஈறு வெளுப்பு. ஈரப் பஞ்சால் முதுகைத் துடைத்தேன். கறுப்புத் தூள் ஒட்டியது, ஒட்டிய இடம் சிவப்பாகக் கரைந்தது. தெள்ளுப்பூச்சியின் எச்சம், செரித்த ரத்தம். இருநூறு கிராம் உடம்பில் அம்பது பூச்சி குடித்தால் என்ன மிஞ்சும்?

நாய்க்குப் போடும் பவுடர் ஒருவர் வீட்டில் இருந்தது, கொண்டுவந்து நீட்டினார். பெர்மெத்ரின் கலந்தது. நாய் தாங்கும், பூனைக்கு வலிப்பு வந்துவிடும். மதினி மகளின் பேன் சீப்பும் ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணியும்தான் எங்கள் மருந்து. சீவி, சீப்பைத் தண்ணியில் முக்கினால் பூச்சி குதிக்காமல் மூழ்கும். பையன் எண்ணிக்கொண்டே வந்தான். முதல் நாள் 43. ஒரு வாரத்தில் ரெண்டு மூணு. துணியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொதிநீரில் அலசினோம். குடற்புழு மருந்தைக் கால்நடை டாக்டர் எடை பார்த்து எழுதிக் கொடுத்தார். பூனையின் உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு இறங்கும், அதனால் தாய்க்கும் சேர்த்து.

நூல்

மே 7, செவ்வாய். குட்டிகளுக்கு இருபத்தைந்து நாள், ஆட ஆரம்பித்த வயசு. மூவண்ணக் குட்டி இடது பின்காலை ஊன்றாமல் வந்தது. பாதம் வீங்கி, நீலம் பூத்து, பளபளவென்று. மதினி, "தேள் கொட்டியிருக்கும்ணே" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. வீக்கம் கணுவுக்கு மேலே ஏறாமல் ஒரே கோட்டில் நிற்பதுதான் உறுத்தியது. விஷ வீக்கம் கோடு போட்டு நிற்காது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பையனை டார்ச் பிடிக்கச் சொல்லி, மயிரை ஊதி விலக்கினேன். ஒரு சுருக்கம், பிள்ளைகள் இடுப்பில் அரைஞாண் பதிந்த மாதிரி. அதற்குள் ஊசி முனையை விட்டு மெல்லத் தூக்கினால் வெள்ளையாக ஒரு இழை. பாவு நூல். கஞ்சி போட்ட நூல் காய்ந்து சதைக்குள் இறங்கி, மேலே தோல் மூட ஆரம்பித்திருந்தது. தறிக்கூடத்திலேயே சுற்றியிருக்க வேண்டும். இழை அப்படியே இருக்க, அதற்குள் கால் மட்டும் வளர்ந்திருக்கிறது. முனை மழுங்கிய சின்னக் கத்திரியின் ஒரு அலகைப் படுக்கையாக நுழைத்து வெட்டினேன். டக் என்று ஒரு சத்தம். நூல் விட்ட அடுத்த நொடி குட்டி வீறிட்டது, அதற்கடுத்த நொடி சுங்குடி என் கையில்.

கட்டைவிரலுக்குக் கீழே ரெண்டு பல் ஆழமாக இறங்கியது. குழாயடியில் சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, முழுசாகக் கால் மணி நேரம் கழுவினேன். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கவில்லை. அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி ஒரு ஊசி, பிறகு தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28 என்று நாலு நாள் கணக்கு. மே 7, 10, 14, ஜூன் 4. பைசா செலவில்லை. கடித்த பூனை பத்து நாள் கழித்தும் நல்லபடியாக இருந்தால் கடித்தபோது அதற்கு வெறிநோய்க் கிருமி எச்சிலில் இல்லை என்று பொருள். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டில் உட்காரக் கூடாது. பூனைப் பல் ஊசி மாதிரி, வெளியே சின்னப் பொத்தல், உள்ளே ஆழம். சீழ் பிடிக்கும் என்று ஆன்டிபயாட்டிக்கும் தந்தார்கள்.

குட்டியைக் கால்நடை டாக்டரிடம் காட்டினோம். ஒரு விரல் கறுத்து ஒரு வாரத்தில் உதிர்ந்தது, மற்ற பாதம் தப்பியது. இடையில் பையனின் அம்மா இரக்கப்பட்டு, வலிக்குமே என்று, வீட்டில் இருந்த பாரசிட்டமால் சிரப்பை மூடியில் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான் வாசலில் இருந்ததால் தப்பித்தது. பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கத் தெரியாது. ரத்தம் பழுப்பேறி மூச்சுத் திணறிச் சாகும். கால் மாத்திரை போதும், பெரிய பூனைக்கே.

தறி, தையல் மெஷின் உள்ள வீடுகளுக்கு இன்னொன்று. பூனையின் வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் இழுக்கக் கூடாது. உள்ளே ஒரு முனை மாட்டியிருக்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்கிக் கூடுமே, குடல் அப்படிச் சுருங்கி, நூல் அதை அறுத்துவிடும். நேராக டாக்டரிடம்.

சந்துப் பஞ்சாயத்து

மே கடைசியில் புகார் வந்தது. பூனை மூத்திர வாடை. "சாக்குல போட்டு ஆத்துக்கு அங்கிட்டு விட்டுருவேன் பாத்துக்கங்க" என்றார் கோடி வீட்டுக்காரர். அவர் சொன்னதில் பாதி நியாயம். குட்டிகள் அவர் வீட்டுத் துளசித் தொட்டியைக் கிளறி வைத்திருந்தன. ஆற்று மணல் இப்போது மீனைவிட விலை. தச்சுப் பட்டறையில் மரத்தூள் ஒரு மூட்டை வாங்கி, ரெண்டு பழைய பேசினில் பரப்பி, மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். குட்டிகள் ரெண்டே நாளில் பழகின. தினம் காலையில் அள்ளுவது என் வேலை.

அந்த வீட்டில் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தார். பூனையால் கருவுக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுதான் நிஜமான பயம், வாடை வெறும் சாக்குப்போக்கு. பயம் வெறும் மூடநம்பிக்கையும் இல்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வரும். ஆனால் வெளியே வந்த உடனே அது தொற்றாது, பழுக்க ஒரு நாளாவது ஆகும். தினமும் அள்ளிவிட்டால் பழுக்க நேரமில்லை. கர்ப்பிணி அந்தப் பேசினைத் தொடாமல் இருந்தால் போதும். சரியாக வேகாத கறியாலும் கழுவாத கீரையாலும் வருவதும் உண்டு. நான் சொன்னால் 'மாட்டாஸ்பத்திரி பேச்சு' என்று போய்விடும். "உங்க டாக்டரம்மாகிட்டயே கேட்டுட்டு வாங்க" என்றேன். கேட்டுவிட்டு வந்தார்கள். சாக்குப் பேச்சு நின்றது.

கடுவன் வந்தது

இங்கேதான் ரெண்டாம் தரம் கோட்டை விட்டேன். நோட்டைப் புரட்டினால் மே மாதத்தில் எங்கோ 'அது' என்று எழுதியது 'அவள்' என்று மாறியிருக்கிறது. ஆனாலும் அவளைப் பற்றி எழுதியது குறைவு, குட்டிகளின் எடைதான் பக்கம் பக்கமாக. மே 22, 23 தேதிகளில் ஒரே ஒரு வரி: 'ராத்திரி சுவர் மேல் பெரிய கடுவன், கத்தல்.' அதன் பொருள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பசு கன்று போட்டு இத்தனையாவது நாளில் பருவத்துக்கு வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை பருவத்துக்கு வரும், சினையும் பிடிக்கும். இணை சேர்ந்தால்தான் கருமுட்டையே வெளிப்படும் என்பதால் தப்புவது அரிது. நம் ஊர் வெயிலில் வருஷத்துக்கு ரெண்டு மூணு ஈற்று சாதாரணம்.

குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகட்டும், பால் வற்றட்டும், பிறகு கருத்தடை என்று திட்டம். அதுவரை ராத்திரியில் அவளை உள்ளே வைத்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முதலில் கேட்ட ஒரு தனியார் கிளினிக்கில், தெருப் பூனையா என்று கேட்டுவிட்டு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். இன்னொரு டாக்டர் ஒப்புக்கொண்டு ஜூன் 14 நாள் கொடுத்தார். முந்தின ராத்திரி தீனியை நிறுத்தி, காய்கறி கிரேட் ரெண்டைக் கவிழ்த்து, கேபிள் டையால் கட்டி, துண்டு போர்த்திக் கொண்டுபோனோம். போர்த்தினால் கத்தல் பாதியாகக் குறையும்.

மடி இன்னும் முழுக்கச் சுருங்காததால் அடிவயிற்றில் கீறாமல் இடது விலாப்பக்கமாகத் திறந்தார். சிறிது நேரத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கருப்பையின் ரெண்டு கொம்பிலும் கோலிக்குண்டு கோத்த மாதிரி நாலு. மூணு வாரச் சினை. "எடுத்துறவா, மூடிறவா?" என்று கேட்டார். ஒன்றேமுக்கால் மாதம் மீன் போட்டு 2 கிலோ 700க்குக் கொண்டுவந்த உடம்பு. எடுங்க என்றேன். மயக்கம் தெளியும் முன் இடது காது நுனியை நேராக வெட்டிவிட்டார். கருத்தடை ஆனது என்று தூரத்தில் பார்த்தே தெரிவதற்கான அடையாளம், இல்லாவிட்டால் வேறு யாராவது பிடித்துக்கொண்டுபோய் மறுபடி வயிற்றைக் கீறுவார்கள்.

அப்பத்தாவிடம் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாமோ என்று பின்னால் நினைத்தேன். "நாலு உசுரப்பா" என்றார். ஏப்ரலில் செத்த குட்டியை, கழிச்சலில் முதுகெலும்பு தெரியக் கிடந்த தாயை, எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பதில் சொல்லவில்லை. ரெண்டு வாரம் என்னோடு பேசவுமில்லை. எனக்கும் அது சுலபமான முடிவாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் வாரமே தாயைக் கவனித்து, மே மாதம் கதவைச் சாத்தியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

செப்டம்பர் மாத நிலவரம்

செவலைகளில் ஒன்று அனுப்பானடியில் என்னோடு வேலை பார்த்தவர் வீட்டில். இன்னொன்று நெல்பேட்டை அரிசிக் கடைக்குப் போய், ஒரு வாரத்தில் கட்டிப்போட்டு வளர்க்கிறார்கள் என்று தெரிந்து, நானே போய்த் திரும்ப வாங்கி வந்தேன். பிறகு மாவுக்கடையிலேயே தங்கிவிட்டது. மூவண்ணக் குட்டி எங்கள் வீட்டில், நாலு விரலுக்குப் பதில் மூணு விரலோடு. எட்டு வாரத்திலும் பன்னிரண்டு வாரத்திலும் தடுப்பூசி, மூணு மாதம் முடிந்ததும் வெறிநோய் ஊசி, தாய்க்கும் போட்டாயிற்று. மூவண்ணத்துக்குக் கருத்தடைக்கு நாள் குறித்திருக்கிறேன், இந்தத் தடவை கடுவன் சத்தம் கேட்கும் முன்.

சுங்குடி 3 கிலோ 100 கிராம். தறிக்கூடம் விலைக்குப் போய்விட்டது, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்பத்தா அந்த விஷயத்தை மறுபடி எடுக்கவில்லை. ஆனால் தினமும் அவித்த முட்டை அவர் வீட்டிலிருந்துதான். போன வாரம் காலையில் ஜன்னலில் வந்து நின்றார். "ஏப்பா மாட்டாஸ்பத்திரி, இன்னைக்கு அவ முட்டையத் தொடல. என்னான்னு வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். மாவுக்கடையில் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தாள்.